பானெட்டில் மூன்று பொட்டு

பாலிஷ் மெஷினை எந்த வேகத்தில் வைப்பது, எந்தப் பஞ்சுக்கு எந்தக் கம்பவுண்ட் போடுவது என்பதையெல்லாம் உங்களுக்கு இப்போது செல்போனிலேயே காட்டிவிடுகிறார்கள். எனக்குப் பிடிபட ஆறேழு வருடம் ஆன விஷயத்தை நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழுவதற்குள் பார்த்து முடித்துவிடுகிறீர்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது. அதனால் அந்தப் பாடமெல்லாம் நான் நடத்தப்போவதில்லை. மெஷினைத் தொடாமல் உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றியும், அதற்கு முந்தைய நாள் வாயைத் திறக்காமல் நின்றதைப் பற்றியும் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது பாஸ்கர். "அக்கா, புதுசா வந்துகீற புள்ளைங்களுக்கு நாலு வார்த்த எழுதிக் குடு. ஷெட்டு செவுத்துல ஒட்டி வெக்கிறேன்" என்றான். நாலு வார்த்தையில் முடிக்கத் தெரிந்தவளாக இருந்தால் என் பிள்ளை என்னிடம் பேசும்போது செல்போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்ள மாட்டான். ஆகவே சுவர் போதாது என்று அவனிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

என் பெயர் கஸ்தூரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்கூட்டர் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடம் இருந்தேன். காய்ந்து வரும் டேங்கை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசியோ மேடோ வழிசலோ இருந்தால் குறித்துக்கொண்டு, தேய்த்துச் சரிசெய்து அனுப்ப வேண்டும். அங்கே ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தவன்தான் பாஸ்கர். அவன் வேலையை விட்டுவிட்டுக் கள்ளிக்குப்பத்தில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஷெட் போட்டபோது என்னையும் கூப்பிட்டான். கார் ஓட்டத் தெரியாது, காரில் ஏறியதையே விரல் விட்டு எண்ணிவிடலாம், நான் வந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டேன். "ஓட்றதுக்கு ஆயிரம் பேரு கீறாங்க. பாக்கறதுக்குத்தான் ஆளு இல்ல" என்றான். முட்டி மக்கர் செய்கிறவரை பன்னிரண்டு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஒரு காரைப் புதுப்பிக்கும்போது கடைசியாகக் கை வைப்பது நாம்தான். தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலையில் விட்ட தப்பை அதன்மேல் பூசும் பட்டி மூடிவிடும். பட்டியில் விட்டதை அடிப்பூச்சான பிரைமர் மூடும், பிரைமரில் விட்டதைப் பெயிண்ட் மூடும். பாலிஷில் விட்டதை மூட நமக்குப் பின்னால் யாரும் இல்லை. வண்டிக்காரர் வந்து நிற்பார், அவ்வளவுதான்.

வந்த புதிதில் ஒரு ஜீப்பின் மட்கார்டு ஓரத்தில் மெஷினைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, பிரைமர் தெரியும்படி தேய்த்துவிட்டேன். அரை அரிசி அளவுதான். அதன்மேல் வேக்ஸை அப்பி மறைத்தேன். ஆவடியிலிருந்து வந்த அந்த ஜீப்காரர் வீட்டுக்குப் போய் முதல் தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவியதுமே வேக்ஸ் போய், பல் விழுந்த வாய்போல அந்த இடம் இளித்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்து பாஸ்கரை நன்றாகக் கேட்டார். பாஸ்கர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தப்பு செய்தால் வண்டிக்காரர் பார்ப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நடந்த தப்பைச் சொல்லத்தான் அப்போது கற்றுக்கொண்டேன். நடக்கப்போகும் தப்பைத் தடுத்துச் சொல்ல எனக்கு இன்னும் பல வருடம் பிடித்தது.

அந்தச் சனிக்கிழமைக்குக் காரணமான அம்பாசடர் மேனாம்பேட்டிலிருந்து வந்தது. தேவகி டீச்சர் என்று ஒரு தலைமையாசிரியர், ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் சதாசிவம் இருபத்திரண்டு வருடம் அந்த வண்டியை அம்பத்தூர் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டியவர். பரம்பரையாக விவசாயக் குடும்பம். சதாசிவம் ஏர் பிடிக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால் அவருடைய அப்பா ஒரு துண்டு நிலத்தை விற்று வாங்கிக் கொடுத்த வண்டி அது. கால் டாக்சிகள் வந்த பிறகு வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் நின்றுவிட்டது. எங்களிடம் இழுத்துவந்தபோது சீட்டுக்குள் பெருச்சாளி குட்டி போட்டிருந்தது.

வேலை பதினோரு மாதம் நடந்தது. வெல்டர் மாரி தரைத்தகடு முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தார். பாஸ்கர் பழைய பெயிண்டில் ஒரு துளியைக் கதவின் உள்பக்கத்தில் கண்டுபிடித்து, அதைப் பார்த்துப் பார்த்தே யானைத் தந்த நிறத்தைக் கலந்தான். சதாசிவம் முதல் ஆறு மாதம் வாரா வாரம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்து, எங்கள் எல்லோருக்கும் யோசனை சொன்னார். பிறகு வருவது குறைந்தது. சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு நிற்கும், ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும் என்றார் டீச்சர். இரண்டு கண்ணும் அப்படித்தான். வண்டி முடியும் தறுவாயில், வருகிற திங்கட்கிழமை ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். டாக்டர் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. இருக்கிற பார்வையும் போய்விடலாம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

"வண்டியைப் பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்னு ஒரே அடம்" என்று டீச்சர் சொன்னார். "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன் கஸ்தூரி. அதுக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?"

முடித்துவிடுவோம் என்றேன். பெயிண்ட் அடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இன்னும் பச்சை. நகத்தை அழுத்தினால் தடம் விழும். ஆனாலும் கையாலேயே மெதுவாகப் பாலிஷ் போட்டுப் பளபளப்பு கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பானெட்டில் இருந்த எண்ணெய்ப் பசை முழுவதையும் துடைத்து எடுத்துவிட்டு, கடைசி வேக்ஸ் போட டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். வேக்ஸ் இல்லாத பச்சைப் பெயிண்ட் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். இது எனக்குத் தெரியும். ஷெட்டில் என்னைவிட நன்றாக இது யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. தேவகி டீச்சரும் அவருடைய நாத்தனார் வேதவல்லியும் இறங்கினார்கள். வேதவல்லி சதாசிவத்துக்கு அக்கா, எழுபதைத் தாண்டியவர், நல்ல குரல். வெள்ளிக்கிழமை நல்ல நாள், இன்றைக்கே எஞ்சினை ஸ்டார்ட் செய்து பூஜை போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்து வந்திருந்தார்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். சட்டுனு வண்டிய வெளிய எடுப்பா பாஸ்கரு" என்றார். பாஸ்கரும் மாரியும் வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள். வேதவல்லி ஒரு தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தியை வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் வந்தார். நான் கையில் துணியோடு பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். "அம்மா, பானெட்டுல வெக்காதீங்க, பெயிண்ட்டு பச்சையா கீது" என்று ஒரு வரி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

என் வீட்டுக்காரர் போய் அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சினிமாவில் காட்டுவதுபோல யாரும் என்னை எங்கேயும் விரட்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் வீட்டு விசேஷத்தில் அண்ணி என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுப்பாள். நானாகத்தான் ஆரத்தித் தட்டைக் கண்டால் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்படியே பழகிவிட்டது. அன்றைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேதவல்லிக்கு நான் யார், எனக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. தட்டைப் பார்த்ததும் என் கால் தானாகப் பின்னால் போனது. நாலு எட்டு வைத்து முருங்கை மரத்தடியில் நின்றேன். நல்ல காரியம் நடக்கும்போது நாம் குறுக்கே நின்று தடுப்பதா என்று மனது அடித்துக்கொண்டது. அதுவும் கண் ஆபரேஷனுக்குப் போகிற மனிதரின் வண்டி.

வேதவல்லி மூன்று முறை சுற்றினார். ஆரத்தியில் விரலை நன்றாகத் தோய்த்து, பானெட்டின் நடு மேட்டில் மூன்று பொட்டு வைத்தார். மூன்றாவது பொட்டின்மேல் பொட்டலத்தைப் பிரித்துக் குங்குமத்தையும் அழுத்தினார். அது ஈரத்தில் கரைந்து ஒரு விரல் நீளத்துக்கு வழிந்தது. எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோர் முகத்திலும் சந்தோஷம்.

கிளம்பும்போது வேதவல்லி, "பொட்ட அழிச்சிடப் போறீங்க. பொழுது சாயற வரைக்கும் இருக்கட்டும்" என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அது இரண்டாவது தப்பு. காலையிலேயே ஈரத் துணியால் எடுத்திருந்தால் பாதி பிழைத்திருக்கும்.

சாயந்தரம் துடைத்தேன். பொட்டு போனது, கறை போகவில்லை. சுண்ணாம்பின் சிவப்பு துணியோடு போய், இரண்டு மஞ்சள் வட்டம், பத்து ரூபாய்க் காசு அளவு. மூன்றாவது, மஞ்சளும் சிவப்பும் கலந்து, வாலோடு. தந்த நிறப் பெயிண்டில் அது எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைப் பாஸ்கர் பார்க்காமல் இருக்க வேக்ஸ் டப்பாவைத் தேடுவதுபோல உள்ளே போய் நின்றேன்.

பாஸ்கர் வந்து குனிந்து பார்த்தான். "இன்னாக்கா இது. உள்ள எறங்கிக்கீதா?"

"எறங்கிக்கீது."

"மெஷின எடு. ரெண்டு நிமிசம்."

"பச்சப் பெயிண்ட்டுல மெஷின வெச்சா சூட்டுல இளகும். கறைய இன்னும் உள்ள தேச்சி வுட்டுடும். மேட்டுல பெயிண்ட்டும் மெலிசு. பிரைமர் தெரிஞ்சிடும்டா."

"அப்போ பானெட்ட மட்டும் திரும்ப அடிக்கணும். கலந்து வெச்ச பெயிண்ட்டு தீந்துபோச்சி. புதுசா கலந்து, அடிச்சி, காய வெச்சி... ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்காதுக்கா." பானெட்டை இன்னொரு தடவை சுற்றி வந்தான். "பெர்சா ஒரு ரோஜா மாலை வாங்கி பானெட்டு மேல போட்டுடலாம். அவருக்கும் கண்ணு செரியில்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த பெறகு கூப்ட்டு சொல்லிக்கலாம்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மனிதர் நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போகட்டும் என்றுதான் சொன்னான். எனக்கும் ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகவே பட்டது. பிறகு அந்த ஜீப் நினைவுக்கு வந்தது. வேக்ஸுக்குப் பதில் ரோஜாப்பூ, வேறென்ன வித்தியாசம். ஒருவேளை ஆபரேஷன் சரியாக வராமல் போனால், அந்த மனிதர் கடைசியாகப் பார்த்த தன் வண்டியைக்கூட நாங்கள் மறைத்துக் காட்டியதாக ஆகிவிடும். டீச்சருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"தேதியை மாத்த முடியாது கஸ்தூரி" என்றார். "நீங்க எது சரின்னு நினைக்கிறீங்களோ அதைப் பண்ணுங்க."

திட்டியிருக்கலாம். நம்பிவிட்டார். அது இன்னும் கனமாக இருந்தது.

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வானகரத்தில் என் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் ஒரு கேன்டீனில் வேலை செய்கிறான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் குழம்பு படாத நாள் கிடையாது. மஞ்சள் கறைக்கு நான் சோப்பை வீணாக்குவதில்லை. அலசி, கறை பட்ட பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டிக் கொடியில் போட்டுவிடுவேன். சாயந்தரம் எடுக்கும்போது கறை இருந்த இடம் தெரியாது. உங்கள் வீட்டில் கேட்டுப்பாருங்கள், துணி துவைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சட்டையைக் கிளிப் போட்டு மாட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன்.

ஷெட்டுக்கு வந்து பாஸ்கரிடம் வண்டியை வெயிலில் தள்ளச் சொன்னேன். என் முகத்தையே பார்த்தான்.

"சட்டையும் பானெட்டும் ஒண்ணாக்கா?"

"மஞ்சளு ஒண்ணுதான?"

அவனுக்கு நம்பிக்கை இல்லை. நியாயமாகச் சொன்னால் எனக்கும் பாதிதான் இருந்தது. அதனால் ஒரு வேலை செய்தேன். முதல் வட்டத்தில் பாதியை மட்டும் நாலாக மடித்த கறுப்புத் துணியால் மூடினேன். பதினொரு மணிக்கு எடுத்துப் பார்ப்போம், இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருந்தால் நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்றேன். பதற்றத்தில் இருக்கும்போது நம்பிக்கையை வைத்து வேலை செய்யாதீர்கள். சின்னதாக ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

ஐப்பசி மாதம். இரண்டு நாள் மழை விட்டிருந்ததே பெரிது. வெயில் வந்து வந்து போனது. பக்கத்து மூன்று மாடி வீட்டின் நிழல் ஒன்பதரைக்கு முற்றத்தில் பாதியைத் தின்றுவிடும். நிழல் நகர நகர வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ள, பாஸ்கரும் மாரியும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். மற்ற நேரம் முழுவதும் ஸ்டூல் போட்டு, தலைக்குக் குடை பிடித்து, வடாம் காயப்போட்டவள் காக்காய்க்குக் காவல் இருப்பதுபோல பானெட்டுக்குக் காவல் இருந்தேன். முருங்கை இலை விழக்கூடாது, தூசி படக்கூடாது, பறவை எச்சம் சுத்தமாகக் கூடாது. மாரி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இன்னா கஸ்தூரிக்கா, மெரீனாவுல உக்காந்துகினு கீற மாதிரி கீது" என்று போனார்.

கை அரித்தது. நாம் வேலைக்காரர்கள், ஒன்று கெட்டுப்போனால் உடனே எதையாவது தேய்க்க வேண்டும் என்று கை துடிக்கும். மெஷின் பத்தடி தூரத்தில் ஆணியில் தொங்குகிறது. இரண்டு தடவை எழுந்து அதன் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்வேன்.

பதினொரு மணிக்குப் பாஸ்கரைக் கூப்பிட்டுத் துணியை எடுத்தேன். மூடியிருந்த பாதி அப்படியே மஞ்சளாக இருந்தது. வெயில் பட்ட பாதி வெளுத்து, நடுவில் கோடு கிழித்ததுபோல வித்தியாசம் தெரிந்தது. பாஸ்கர் போய் ஒரு பக்கெட்டை வெளியே கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான். மதியம் ஒரு மணி நேரம் மேகம் மூடியது. நாங்கள் மூன்று பேரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தயிர் சாதம் சாப்பிட்டோம். பிறகு விலகியது. சாயந்தரம் நாலரைக்கு முதல் இரண்டு வட்டமும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவதில் மஞ்சள் போய்விட்டது. குங்குமத்தின் சிவப்பு மட்டும் வெயிலுக்கு அசையவில்லை. லேசான ரோஜா நிறத்தில், வாலோடு நின்றது.

அதையும் எடுத்துவிடலாம் என்று ஆசை வந்தது. இவ்வளவு நடந்திருக்கிறது, கையால் நாலு தேய் தேய்த்தால் என்ன என்று. பெயிண்டில் விரலை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சூடேறி முன்பைவிட மெத்தென்று இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சதாசிவம் வந்தார். பாஸ்கர் வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை நான் பின்பக்கம் டிக்கியின் மேல் போட்டுவிட்டேன். அவர் டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் வண்டியைப் பார்த்தார். பிறகு தோளை விட்டுவிட்டுத் தனியாக நடந்து வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே இன்னொரு தடவை மூடினார். ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து ஆரனை அழுத்தினார். இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்தபோது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சார், பானெட்டுல ஒரு கறை கீது. எட்க்க முடியல."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. சதாசிவம் குனிந்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். நான் அவர் விரலைப் பிடித்துக் கறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்குத் தெரியலையேம்மா" என்றார். "நீ சொல்லாம வுட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியாதுன்றதாலதான் சார் சொன்னேன்."

அவர் நிமிர்ந்தார். "சரி" என்றார். "ஆப்பரேசன் முடிஞ்சி நான் வந்து பாக்கறேன். பாத்துட்டு வெக்கறதா எட்க்கறதான்னு சொல்றேன். அதுவரிக்கும் நீ கை வெக்காத."

அதற்குள் வேதவல்லி ஆட்டோவிலிருந்து தட்டோடு வந்துவிட்டார். தம்பி வண்டியில் ஏறி வீட்டுக்குப் போகிறான், ஆரத்தி இல்லாமலா. புதிதாகக் கரைத்த ஆரத்தி, பக்கத்தில் குங்குமம். அவர் நேராக பானெட்டுக்கு வந்தார். என் கால் பழக்கப்படி அசைந்தது. அசைந்தது எனக்கே தெரிந்தது. அந்தக் காலைத் தூக்கி முன்னால் வைத்து, தட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன்.

"அம்மா, பானெட்டுல வேணாம். பெயிண்ட்டு இன்னும் பச்சையா கீது. வெள்ளிக்கெழம வெச்சது கறையாப் போச்சி."

வேதவல்லியின் முகம் மாறியது. "நான் வெச்சதா?"

"வெச்சது நீங்க. ஆனா தப்பு என்னோடது. பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன், வாயத் தொறக்கல. இந்தப் பெயிண்ட்டுக்கு நான்தான் பொறுப்பு."

அவர் தட்டைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். "பொட்டு வெக்காம எப்டிம்மா எட்த்துகினு போறது?" என்று கேட்டார். உண்மையிலேயே வழி கேட்கிற குரல்.

"டயர்ல வைங்க."

சதாசிவம் சிரித்துவிட்டார். வேதவல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நாலு டயருக்கும் முனகிக்கொண்டே பொட்டு வைத்தார். பாஸ்கர் ஓட்ட, சதாசிவம் பக்கத்தில் உட்கார்ந்து வழிநெடுக அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபடி மேனாம்பேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாராம்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் ஒரு செய்தியும் இல்லை. போன் செய்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாஸ்கர் கேட்கிறேன் என்றபோதும் வேண்டாம் என்றேன். நல்ல செய்தியாக இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்களே என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை நினைத்துக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு நாள் காலை அந்த அம்பாசடர் ஷெட்டு வாசலில் வந்து நின்றது. டீச்சரின் தம்பி மகன் ஓட்டிவந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சதாசிவம் இறங்கினார். யார் தோளையும் பிடிக்கவில்லை. எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பானெட்டுக்கு முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்தார்.

நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? அக்கா வைத்த பொட்டு, நல்லபடியாக முடிந்தது, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். நான் அவராக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர் மூக்கைச் சுளித்தார். "இன்னாம்மா இது, வழிஞ்சி வாலு வேற வுட்டுகீது. வண்டி பூரா பளிங்கு மாதிரி வெச்சிட்டு இத்த வுட்டுகீறே. கண்ண உறுத்துது. எட்த்துடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை டப்பா தேடும் சாக்கில் உள்ளே போகவில்லை, அவர் முன்னாலேயே நின்று அழுதேன். பெயிண்ட் நன்றாக இறுகியிருந்தது. ஆணியிலிருந்து மெஷினை எடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இங்கே இன்னும் கொஞ்சம், அங்கே ஒரு புள்ளி இருக்கிறது பார் என்று முழுவதும் போகிறவரை என்னை விடவில்லை.